முப்பத்துநாலு வயது மஞ்சள் வாத்து

அந்த இயந்திரத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் 'வயதறி'. கோயம்புத்தூர் அலுவலகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஜோசியர் என்பார்கள். "ஜோசியர் என்ன சொல்றாரு?", "ஜோசியர் இன்னைக்கு மூட் அவுட்டு" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சு ஓடும். பொருத்தமான பெயர்தான். ஆளைப் பார்க்காமல், குரலைக் கேட்காமல், எழுதுகிற பத்து வரியை வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்கு என்ன வயது என்று அது சொல்லிவிடும். அசல் ஜோசியருக்காவது பிறந்த நேரம் வேண்டும்.

குழந்தைகள் விளையாடும் இடங்களில் பிறந்த தேதியை நம்பி உட்கார்ந்திருந்த காலம் போய் ஏழெட்டு வருடமாகிறது. நாற்பது வயதுத் தடியன் எட்டு வயது என்று எழுதிவிட்டு உள்ளே நுழைந்துவிடுவான். ஆனால் எழுத்தைத் தேடும் விரலிலும், அழித்துத் திருத்துகிற வேகத்திலும், கேட்கிற கேள்வியிலும் நெடுநேரம் நடிக்க முடியாது. அதைத்தான் ஜோசியர் பிடிப்பார். இயந்திரம் சொன்னால் மட்டும் போதாது, மனிதர் ஒருவரும் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் யாரோ புண்ணியவான் ஒரு வரி சேர்த்திருந்தான். அந்த ஒரு வரியில்தான் ஜெசிந்தாவின் வேலை இருந்தது.

ஜெசிந்தாவுக்கு நாற்பத்தாறு வயது. இந்த வேலைக்கு முன்பு பன்னிரண்டு வருடம் மழலையர் பள்ளியில் டீச்சர். மூக்கு துடைத்து, ஷூ லேஸ் கட்டி, கடித்தவனையும் கடிபட்டவனையும் ஒரே மடியில் உட்கார வைத்துப் பழகிய கை. 'வாத்துப்பட்டணம்' என்ற விளையாட்டின் உரையாடல்களைப் பார்ப்பது அவளுடைய பொறுப்பு. ஒன்பது வயது வரை உள்ள பிள்ளைகள் ஆளுக்கொரு வாத்தாக வந்து, குளம் வெட்டி, முட்டை சேர்த்து, சண்டை போட்டு, அழுது, அடுத்த நிமிடம் ஒட்டிக்கொள்கிற இடம் அது. ஜோசியர் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் உறுதியாகச் சொன்னால் மணி அடிக்கும். இருபது நிமிடத்துக்குள் அவள் இரண்டில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்று 'துண்டி'. இன்னொன்று 'விடு'. துண்டித்தால் இரண்டு கணக்கும் அந்த நொடியே மூடப்பட்டு விவரம் போலீசுக்குப் போகும்.

இதுவரை அவள் பதினோரு பேரைத் துண்டித்திருக்கிறாள். போன வருடம் ஒருவனைப் பத்தொன்பதாவது நிமிடத்தில்தான் துண்டித்தாள். அதற்குள் அந்தச் சின்னப்பெண் தன் வீட்டு வாசலைப் படமெடுத்து அனுப்பியிருந்தது. போலீஸ் முந்திக்கொண்டதால் ஒன்றும் ஆகவில்லை. இருந்தாலும் அந்த நீல வாசல் கதவு ஜெசிந்தாவின் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு யோசிக்கிற நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மாலை நாலு முப்பத்தைந்துக்கு மணி அடித்தது.

மஞ்சள் வாத்து என்று ஒரு கணக்கு. சொல்லியிருந்த வயது எட்டு. ஜோசியர் சொன்ன வயது முப்பத்துநாலு. உறுதி தொண்ணூற்றேழு சதவீதம். எதிரே பேசிக்கொண்டிருந்தது தர்ஷித் என்ற பையன். திருப்பூர், ஏழு வயது. அவன் விஷயத்தில் ஜோசியருக்குச் சந்தேகமே இல்லை, ஏழேதான்.

ஜெசிந்தா பழைய உரையாடல்களைத் திறந்தாள். மூன்று வாரமாக, ஞாயிறு தவிர, தினமும் நாலரையிலிருந்து ஐந்தரை வரை. இன்றுதான் ஜோசியரின் உறுதி தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"கதவு தாழ்ப்பா போட்டியா?"

"ம்."

"சாப்டியா?"

"பிஸ்கட்டு."

ஒவ்வொரு நாளும் இதேதான். பன்னிரண்டு வருடத்தில் ஒரு குழந்தை இன்னொரு குழந்தையைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்டு அவள் கண்டதில்லை. உன் டப்பாவில் என்ன இருக்கு என்று கேட்கும். அதுவும் அக்கறையில் இல்லை, பிடுங்கித் தின்பதற்கு. சாப்பிட்டாயா என்பது பெரியவர்களின் கேள்வி. மனதில் என்ன இருந்தாலும் நம் ஊரில் முதலில் வாயில் வருவது அதுதான். வேஷம் போடுகிறவன்கூட அதை மறைக்க மறந்துவிடுவான். பதினோரு பேரில் ஆறு பேர் அந்தக் கேள்வியில்தான் மாட்டினார்கள்.

இந்தச் சமயத்தில் திரையில் புதிதாக மூன்று வரி வந்தது.

"இன்னைக்கு அந்த அண்ணன் வருவாரு. வந்தா கதவத் திற."

"எனக்கு பயமா இருக்குக்கா."

"பயப்படாத தங்கம். பயமா இருக்குன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிராத."

"ஹரீ!" என்று ஜெசிந்தா கத்திய கத்தலில் மூன்று மேஜை தள்ளி இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹரிபிரசாத் அந்தக் குழுவின் தலைவன். அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். ஓடி வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துப் படித்தான். "இன்னும் என்னக்கா பாக்கறீங்க? கட் பண்ணுங்க."

"இருப்பா."

"தொண்ணூத்தேழு போட்டுருக்கு. தனியா இருக்கியாங்கறான், கதவத் தெறங்கறான், அம்மாகிட்ட சொல்லாதங்கறான். பாடப் புஸ்தகத்துல போட்டாப்ல அப்படியே இருக்கு. இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?"

"கட் பண்ணுனா என்னாகும்? அந்தப் பையன் கணக்கும் மூடிக்கும். இவன் அனுப்பற ஆளு ஏற்கெனவே கெளம்பி வந்துட்டிருக்கான். அவன் வந்து கதவத் தட்டுனா, தெறக்காதடானு சொல்றதுக்கு அந்தக் கொழந்தைக்கு யாருப்பா இருக்கா? நம்மளுக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கறது இந்த ஒரு கயிறுதான்."

ஹரி பையனின் விவரத்தைத் திறந்தான். தர்ஷித்தின் கணக்கில் வீட்டு முகவரி கிடையாது. பாதுகாவலர் கோகிலா என்று ஒரு பெயரும் ஒரு போன் நம்பரும்தான். அவன் போலீஸ் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட, அவள் கோகிலாவைக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் வாசலிலேயே போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நம்பரை வைத்து முகவரி எடுத்து ஆள் அனுப்பக் கால் மணி நேரமாவது ஆகும் என்று போலீசில் சொன்னார்கள்.

ஐந்து நிமிடம் போயிருந்தது.

வாத்துப்பட்டணத்தில் தொப்பி போட்ட ஒரு கான்ஸ்டபிள் வாத்து உண்டு. பிள்ளைகள் சண்டை போட்டால் வந்து, முன்பே எழுதி வைத்த நாலைந்து வாக்கியங்களைச் சொல்லிவிட்டுப் போகும். ஊழியர்கள் அதற்குள் புகுந்து சொந்தமாகப் பேசக் கூடாது என்பது விதி. ஜெசிந்தா புகுந்தாள்.

"மஞ்சள் வாத்து! இன்னைக்கு உனக்குத் தங்க முட்டை பரிசு விழுந்திருக்கு. வந்து எடுத்துக்கோ!"

அவளுக்குத் தெரிந்த சோதனை அது. அந்த விளையாட்டில் தங்க முட்டைக்காக உயிரை விடாத குழந்தை கிடையாது. நிஜமான எட்டு வயதாக இருந்தால் 'ஐ' என்று பத்து தடவை எழுதிக்கொண்டு ஓடி வரும்.

பதில் மெதுவாக வந்தது. "பரவால்லைங்க மிஸ். அத தம்பிக்கு குடுத்துருங்க. அவன் ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கான்."

ஜோசியர் உறுதியைத் தொண்ணூற்றெட்டாக உயர்த்தினார்.

"பாத்தீங்களா?" என்றான் ஹரி. "எந்தக் கொழந்தைக்கா தங்க முட்டைய விட்டுக்குடுக்கும்?"

எந்தக் குழந்தையும் விட்டுக்கொடுக்காது. அதுதான் ஜெசிந்தாவையும் உலுக்கியது. இனிப்புக் கொடுத்து வசப்படுத்துகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தனக்கு வந்த பரிசைக்கூட இவ்வளவு பொறுமையாகத் தூண்டிலில் மாட்டுகிற ஆளைப் பார்த்ததில்லை. இனி மூடி மறைத்துப் பயனில்லை என்று நேராகவே எழுதினாள்.

"தர்ஷித் கண்ணு, யார் வந்தாலும் கதவத் திறக்காத. அம்மா வர்ற வரைக்கும் உள்ளயே இரு."

"அக்கா தொறக்கச் சொல்லிருக்கு. அக்கா சொல்றததான் கேப்பேன்."

"அக்காவாம்," என்றான் ஹரி பல்லைக் கடித்துக்கொண்டு. "நல்லா அக்கான்னு கூப்பிட்டுப் பழக்கி வெச்சுருக்கான்."

ஜெசிந்தாவும் அப்படித்தான் நினைத்தாள். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவள் அக்கா, பூ விற்கிறவள் அக்கா, இந்த விளையாட்டில் தன்னைவிட ஒரு முட்டை கூடுதலாக வைத்திருக்கும் எந்த வாத்தும் அக்கா. தினமும் பத்தாயிரம் அக்காக்களைப் படிக்கிறவளுக்கு அந்தச் சொல் காதில் ஏறுவதே இல்லை.

அதற்குள் மஞ்சள் வாத்து எங்கிருந்து பேசுகிறது என்ற விவரம் வந்துவிட்டது. சத்தியமங்கலம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கான ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. கணினி அறை, ஆறாம் எண் கணினி.

"ஸ்கூல்ல வேல செய்யற எவனோ ஒருத்தன். அடப்பாவி, அங்க எத்தன பிள்ளைங்க இருக்குங்களோ," என்று ஹரி தலையில் கையை வைத்துக்கொண்டான்.

ஜெசிந்தா பள்ளியின் நம்பரைத் தேடி அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது விடுதி வார்டன். தங்கமணி என்று பெயர் சொன்னார்.

"மேடம், நான் சொல்றத மட்டும் செய்ங்க, காரணம் அப்பறம் சொல்றேன். உங்க கம்ப்யூட்டர் ரூமுக்குப் போங்க. ஆறாம் நம்பர் கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்திருக்காங்கனு பாத்துச் சொல்லுங்க. தனியாப் போகாதீங்க, கூட யாரையாச்சும் கூட்டிட்டுப் போங்க."

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

"நடந்துகிட்டே பேசுங்க மேடம், தயவுசெஞ்சு."

போனில் செருப்புச் சத்தம் கேட்டது. படி ஏறுகிற மூச்சு கேட்டது. இங்கே திரையில் தர்ஷித் எழுதினான்.

"கதவத் தட்டறாங்க."

ஜெசிந்தா கான்ஸ்டபிள் வாத்தின் வாயில் "திறக்காதே திறக்காதே" என்று நாலு முறை எழுதினாள். பையனிடமிருந்து பதில் இல்லை. மஞ்சள் வாத்தும் எதுவும் எழுதவில்லை. பன்னிரண்டாவது நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. ஹரி அவளுடைய கைக்கு மேலாகத் தன் கையை நீட்டி 'துண்டி' பொத்தானுக்கு அருகில் வைத்தான்.

"மேடம்," என்றார் தங்கமணி, மூச்சு வாங்க. "ஆறாம் நம்பர்ல நம்ம சுபிக்ஷாதானுங்க இருக்கறா."

"யாருங்க அது? டீச்சரா?"

"இல்லீங்க, ஆறாவது படிக்கற பிள்ள. பதினொரு வயசு."

"பக்கத்துல யாரு இருக்கா? பெரியவங்க யாராச்சும் சொல்லிக் குடுத்து எழுத வெக்கறாங்களா?"

"ரூம்ல வேற ஒரு ஈ, காக்கா இல்லீங்க. அவதான் பாவம், ஸ்கிரீனப் பாத்துட்டு அழுதுட்டிருக்கறா. யாரோ போலீஸ் வாத்து வந்து தம்பியக் கதவத் தெறக்க உடமாட்டேங்குதாமா."

ஹரியின் கை பொத்தானை விட்டு மெல்ல விலகியது.

"போன அவகிட்ட குடுங்க மேடம்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மிஸ்?"

"சொல்லு கண்ணு. தர்ஷித் உனக்கு யாரு?"

"எந்தம்பிங்க மிஸ்."

"கூடப் பொறந்த தம்பியா?"

"ஆமாங்க மிஸ்."

"கதவத் தட்டறது யாரு?"

"சிலிண்டர் அண்ணனுங்க. ரெண்டு தடவ வந்து கதவு பூட்டிருக்குன்னு திரும்பிப் போயிட்டாருங்க. இன்னைக்கும் போயிட்டார்னா அம்மா லீவு போட்டுட்டு வீட்டுல இருக்கோணும். அதான் தொறடான்னு சொன்னேன். அவனுக்கு பயமுங்க மிஸ். நான் எழுதிட்டே இருந்தா தொறந்துருவான். நீங்க நடுவுல வந்துட்டீங்க."

அவள் குரலில் இருந்தது குற்றச்சாட்டு. ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "எழுது கண்ணு. எழுது. நான் குறுக்க வரல."

மஞ்சள் வாத்து எழுதியது: "டேய், சிலிண்டர் அண்ணன்தான்டா. ஜன்னல்ல பாத்துட்டு தொற. காலி சிலிண்டர் எங்க இருக்குன்னு காட்டு. அவரு போனதும் தாழ்ப்பா போட்டுட்டு வந்து சொல்லு."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூட எழுந்து வந்து நின்றுகொண்டார்கள். பதினேழாவது நிமிடத்தில் திரையில் வரி வந்தது.

"போட்டுட்டேன். அண்ணன் சாக்லேட் குடுத்தாரு. நான் வாங்கல."

யாரோ பின்னாலிருந்து கைதட்டினார்கள். ஹரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தான். ஜெசிந்தா போலீசுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டு, சந்தோஷமாக வைத்தாள். இப்படி ஒரு திட்டை தினமும் வாங்கத் தயார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பிறகு மிச்சத்தையும் சுபிக்ஷாவிடம் கேட்டாள். ஆறாம் வகுப்புக்கு அந்த விடுதிப் பள்ளியில் இடம் கிடைத்து ஜூன் மாதம் வந்தாளாம். அதுவரை பள்ளிவிட்டு வந்து தம்பியைப் பார்த்துக்கொண்டது அவள்தான். அப்பா இறந்து மூன்று வருடம். அம்மா வர ஏழு மணி ஆகும். சாயங்காலம் ஒரு மணி நேரம் கணினி அறைக்கு விடுவார்கள், அதில் போன் பேச முடியாது, ஆனால் வாத்துப்பட்டணம் திறக்கும். ஒன்பது வயதுக்கு மேல் சேர்க்க மாட்டார்கள் என்பதால் எட்டு என்று பொய் சொன்னாள்.

"பயமா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லாதன்னு ஏம்மா சொன்ன?"

"சொன்னா அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும் மிஸ். ஸ்கூல நிறுத்திரும். இங்க நல்லா சொல்லித் தர்றாங்க." பிறகு கேட்டாள்: "நீங்க சொல்லிருவீங்களா மிஸ்?"

ஜெசிந்தா கோகிலாவின் நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள்.

பிரச்சினை அதோடு தீரவில்லை. துண்டிக்காமல் விட்ட ஒவ்வொரு மணிக்கும் ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் ஒரு கேள்வி: 'வயதறியின் கணிப்பு தவறா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

"ஆம்னு போட்டுட்டுக் கெளம்புங்கக்கா," என்றான் ஹரி. "பதினொன்ன முப்பத்துநாலுன்னு சொல்லிருக்கு. தப்புத்தான?"

"ஆம்னு போட்டா ஜோசியர் அதக் கத்துக்குவாருல்ல?"

"கத்துக்குவாரு. அடுத்த தடவ இந்த மாதிரி பேசுனா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு. தனியா இருக்கியா, கதவத் தொற, அம்மாகிட்ட சொல்லாதன்னு எவனாச்சும் எழுதுனா, இது கொழந்தைங்க பேசற பேச்சுதான்னு உட்டுருவாரு. ஒரு பிள்ளைக்காக நான் ஊருப்பட்ட கதவத் தொறந்து உட்டுருவேன்."

"அப்ப இல்லைன்னு போடுங்க."

"போட்டா அவ பெரியவன்னு முத்திர விழுந்துரும். தம்பிகிட்ட பேசவே முடியாது. இந்த விளையாட்டுல மட்டும் இல்ல, எந்த விளையாட்டுலயும்."

"மூணாவது கட்டம் இல்லைக்கா."

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. எனக்கு ஜோசியர் தப்புப் பண்ணுனார்னு தோணல. நீயே படிச்சுப் பாரு. இதுல எந்த வரிய ஒரு கொழந்த எழுதுச்சுன்னு சொல்ல முடியும் உன்னால?"

ஹரி மூன்று வார உரையாடலையும் மேலிருந்து கீழ்வரை படித்தான். கேஸ் மூடினாயா, இஸ்திரிப் பெட்டியைத் தொடாதே, அம்மா வந்ததும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடு, உன் வாத்துக்கு நான் தீனி போட்டுவிட்டேன், நீ விளையாடு. பதினெட்டு மணி நேர விளையாட்டில் மஞ்சள் வாத்து தனக்கென்று ஒரு முட்டைகூடச் சேர்க்கவில்லை. "அட ஆண்டவா," என்று மட்டும் சொன்னான்.

சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வழி இருந்தது. முடிவு சொல்ல முடியாத கணக்கை முப்பது நாளுக்கு ஓர் ஊழியர் தன் பெயரில் கண்காணிப்பில் வைத்துக்கொள்ளலாம். தினமும் கூடவே இருந்து படிக்க வேண்டும். அந்த முப்பது நாளில் எது நடந்தாலும் பொறுப்பு அவரைச் சேரும். யாரும் அந்த வழிக்குப் போவதில்லை. யார் தலையைக் கொடுப்பார்கள்? ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். ஹரி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, சாட்சி என்ற இடத்தில் தானும் போட்டான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோகிலாவின் போன் கிடைத்தது. ஜெசிந்தா ஒன்றையும் மறைக்கவில்லை. கோகிலாவுக்குப் பின்னால் யாரோ டிபன் பாக்ஸைத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ரெண்டும் தைரியமா இருக்குதுங்கன்னு நெனச்சுட்டிருந்தேனுங்க," என்றாள் கடைசியில். "தம்பி எதுவுமே சொல்ல மாட்டானுங்க. கேட்டா நல்லா இருக்கேம்மான்னு சொல்லுவான்."

"சொல்லக் கூடாதுன்னு அக்கா சொல்லிருக்குங்க. சொன்னா நீங்க அவ ஸ்கூல நிறுத்திருவீங்கன்னு பயம் அவளுக்கு."

"நிறுத்துவனா நானு? அவ படிக்கறதுக்குத்தானுங்க இந்தப் பாடே." சமாளித்துக்கொண்டு கேட்டாள்: "அந்த மிஷினு எம்பொண்ணுக்கு எத்தன வயசுன்னு சொல்லுச்சுன்னீங்க?"

"முப்பத்துநாலுங்க."

"எனக்குத்தானுங்க முப்பத்துநாலு," என்றாள் கோகிலா.

ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் விளங்கியது. தாழ்ப்பாள், கேஸ், இஸ்திரிப் பெட்டி எல்லாம் காலையில் வேலைக்குக் கிளம்பும் அம்மா வாசலில் நின்று சொல்கிற வரிகள். மகள் அவற்றை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டு விடுதியிலிருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். ஜோசியர் கணித்தது அந்த வரிகளின் வயதை.

கோகிலா சூட்டிகையான பெண். அழுது முடித்த கையோடு காரியத்தில் இறங்கினாள். அதே தெருவில் டியூஷன் எடுக்கும் பெண்ணிடம் பேசி, பள்ளிவிட்டதும் தர்ஷித் நேராக அங்கே போய் ஏழு மணிவரை இருக்க ஏற்பாடு செய்தாள். வீட்டுப்பாடம் முடித்தால் அரை மணி நேரம் வாத்துப்பட்டணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடுதிக்குப் போனவள் மகளைக் கட்டிக்கொண்டு என்ன சொன்னாளோ தெரியாது. "ரெண்டு பேரும் அழுது தீத்துட்டு பஜ்ஜி வாங்கித் தின்னாங்க," என்று தங்கமணி போனில் சொன்னார்.

அதற்குப் பிறகும் மஞ்சள் வாத்து தினமும் நாலரைக்கு வந்தது. டியூஷன் மிஸ் திட்டினாங்களா, வீட்டுப்பாடம் முடிச்சியா, ரோட்டைப் பார்த்துத் தாண்டினியா என்று கேட்டது. கதவு பற்றிய கேள்வி மட்டும் நின்றிருந்தது. ஜோசியர் முப்பத்துநாலிலேயே நின்றார். ஜெசிந்தா ஒவ்வொரு நாளும் கூடவே இருந்து ஒவ்வொரு வரியையும் படித்தாள்.

பத்தொன்பதாம் நாள் திங்கட்கிழமை. மஞ்சள் வாத்து வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று விட்டாள். செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. புதன்கிழமை ஐந்து மணிவரை பார்த்தாள். தர்ஷித்தின் வாத்து குளத்துக்கரையில் தனியாக உலாத்திக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை அவன் எழுதினான்: "அக்கா ரொம்ப மோசம். போ. உன் வாத்துக்கு நான் தீனி போட மாட்டேன்."

யாராவது கணினி அறையைப் பூட்டிவிட்டார்களா? வீட்டில் ஏதாவது? தன்னால்தான் அந்தப் பிள்ளைக்கு ஏதாவது கஷ்டம் வந்துவிட்டதா? ஜெசிந்தா தங்கமணிக்குப் போன் போட்டாள்.

"சுபிக்ஷாங்களா?" என்றார் தங்கமணி. பின்னால் ஒரே கூச்சலாக இருந்தது. விசில் ஊதினார்கள், யாரோ யாரையோ ஏமாத்துக்காரி என்று கத்தினார்கள். "திங்கக்கெழம கோ-கோ டீமுக்கு ஆள் எடுத்தாங்க. சேந்துட்டாளுங்க. மணியடிச்சதும் கிரவுண்டுக்குப் பறந்துருவா. கம்ப்யூட்டர் ரூம் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல. தம்பிகிட்ட பேசலையாடின்னு நேத்துக் கேட்டேன். நாக்கக் கடிச்சுட்டு, ஐயோ மறந்தே போச்சுங்கன்னா. கூப்புடட்டுங்களா?"

"அந்த ஏமாத்துக்காரின்னு கத்தறது யாருங்க?"

"அவதானுங்க. அவுட் குடுத்ததுக்கு அரை மணி நேரமாச் சண்டை."

"கூப்புடாதீங்க மேடம்," என்றாள் ஜெசிந்தா. "கத்தட்டும்."

போனை வைத்துவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். திரையில் அன்றைய கண்காணிப்புப் படிவம் காத்திருந்தது. 'பயனர் வயது: 34. நான்கு நாட்களாக உரையாடல் இல்லை. மறுகணிப்புக்குப் போதிய எழுத்து இல்லை. வராததற்குக் காரணம்?'

பக்கத்தில் வந்து நின்ற ஹரி, என்ன எழுதப் போகிறாள் என்று குனிந்து பார்த்தான். ஜெசிந்தா தட்டச்சு செய்தாள்: 'விளையாடப் போயிருக்கிறாள்.'